மூன்று சிவப்புத் துணி, மூன்று ஓட்டை

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருசமாக யோசித்தேன். பேனாவை எடுப்பேன். தொழுவத்தில் மாடு கத்தும். எழுந்து போய்விடுவேன். மாடு கத்தாத நாளிலும் கத்தியதாக வைத்துக்கொண்டு எழுந்து போயிருக்கிறேன்.

போன வாரம் கறவை எந்திரம் என்னைத் தூக்கியடித்த கதையைப் படித்துச் சிரித்தீர்கள். இதற்கும் சிரிப்பீர்கள், தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் நடுவில் ஒரு சாமி குற்றம் வரும். அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். அது என் குற்றம்.

நல்ல மத்தியானம். எங்கள் தென்னந்தோப்பில் கிணற்றுக்குப் பக்கத்தில் கன்னிமார் ஏழு பேரும் கல்லாக வரிசையில் இருக்கிறார்கள். முன்னால் நான் நிற்கிறேன். கையில் பற்றவைத்த ஊதுபத்தி. யாராவது பார்த்திருந்தால், பெரியசாமிக்கு என்ன பக்தி, உச்சி வெயிலிலும் சாமி கும்பிடுகிறான் என்றிருப்பார்கள்.

நான் கும்பிடப் போகவில்லை. அம்மாளுக்குச் சாத்தியிருந்த துணியில் ஓட்டை போடப் போயிருந்தேன்.

அக்கா தங்கச்சி சண்டை

இந்த ஓட்டைக்கு வர வேண்டுமானால் கன்னிமாரின் குணத்தைச் சொல்ல வேண்டும்.

ஏழு பேரும் அக்கா தங்கச்சிகள். ஏழு கல்லும் முழ உயரம்தான். எது மூத்தவள், எது இளையவள் என்று எங்கள் வம்சத்தில் யாருக்கும் தெரியாது. ஆனால் அவர்களுக்குள் பொறாமை உண்டு என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். ஆடிப் பதினெட்டுக்கு ஏழு துணி எடுத்துச் சாத்துவோம். போன வருசம் சிவப்புக் கட்டியவளுக்கு இந்த வருசமும் சிவப்புக் கட்டினால் பக்கத்துக் கல்லுக்குக் கோபம் வந்துவிடும். கிணற்றில் தண்ணீர் இறங்கிவிடும், மாடு மடியைச் சுருக்கிக்கொள்ளும். அதனால் வருசா வருசம் நிறத்தை மாற்றி மாற்றிச் சாத்துவது எங்கள் வீட்டு வழக்கம்.

என் அப்பா ஒரு வருசம் குடித்துவிட்டு வந்து, "ஏழு பேத்துக்கும் ஒரே நிறத்துல எடுத்தா சண்டையே வராதில்ல?" என்று கேட்டார். அந்த வருசம் கிணறு வற்றியது. ஊரில் அத்தனை கிணறும்தான் வற்றியது. ஆனாலும் பழி அப்பா தலையில்தான் விழுந்தது.

வாய் விட்ட வார்த்தை

எங்களுக்கு ஒரே மகள், செல்வி. பீர்மேட்டுப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை மாரியப்பன் ஜீப் ஓட்டுகிறார். இரண்டு தடவை அவளுக்குத் தங்கவில்லை. மூன்றாம் தடவை தங்கி, எங்கள் ஊர் மீனாட்சிபுரத்துக்கே பிரசவத்துக்குக் கூட்டி வந்தோம். ஆவணி மழையில் ஒரு நாள் ரத்த அழுத்தம் ஏறி, பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். என் மனைவி சரசு கூடப் போனாள். எட்டு மாட்டுக்கும் கறவை பார்க்க நான் வீட்டில் இருந்தேன்.

சாயங்காலம் போன் வந்தது. "ஏனுங்க... டாக்டரம்மா எதுக்கும் தயாரா இருங்கன்னு சொல்றாங்க" என்றாள் சரசு.

பால் கேனை அப்படியே போட்டுவிட்டுத் தோப்புக்கு ஓடினேன். மழையில் ஏழு கல்லும் கறுத்துப் பளபளவென்று இருந்தன. நான் ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவன். வேண்டிக்கொள்வதற்குக் கூட ஒரு ஒழுங்கு வேண்டும் என்பது அன்றைக்குத் தெரியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அம்மாளே, தாயும் புள்ளையும் பொழச்சு வந்தா, ஏழு துணி எடுத்து உங்க ஏழு பேத்துக்கும் தெனமும் மாத்திச் சாத்தறேன். ஒரு நாளு வச்ச வரிசை இன்னொரு நாளு வராது. எத்தன வரிசை உண்டோ அத்தனையும் சாத்தி முடிக்கறேன். ஒருத்தியும் கொறை சொல்ல வேண்டாம். அது முடியற வரைக்கும் அந்தப் புள்ளையக் கையில தொடமாட்டேன்."

விடிவதற்குள் பெண் பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று வேண்டுதலைச் சொன்னபோது சரசு முதலில் கையெடுத்துக் கும்பிட்டாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"மொட்டை போடறேன்னு சொல்லக் கூடாதுங்களா?"

"வாயில வல்லியே."

"தலையிலதான் முடியே இல்ல. அது கன்னிமாருக்கும் தெரியுமுங்க. சரி, உடுங்க. எத்தன வரிசைங்க வரும்?"

"என்ன, ஒரு பத்து இருபது வரும்."

ராவுத்தர் கடையில் பேரம்

தீட்டுக் கழிந்ததும் துணி எடுக்கப் போனோம். கடைவீதியில் ஷேக் ராவுத்தரின் ஜவுளிக்கடை. அவருக்கும் எனக்கும் ஒரே வயது. கடைக்குப் பால் நான்தான் ஊற்றுகிறேன், அதனால் என்னைப் பால்காரரே என்பார்.

"ஏழு நெறத்துல ஏழு துண்டு வெட்டுங்க ராவுத்தரே."

கத்தரியை எடுத்தவர், எதற்கு என்று கேட்டார். சொன்னேன். கத்தரியைக் கீழே வைத்துவிட்டார்.

"உங்க சாமி விசயத்துல நான் தலையிடக் கூடாதுங்க. ஆனா துணி விசயம் எம்பட விசயம். ஏழு நெறம் வேண்டாம்."

"ஏன்?"

"மொதக் கல்லுக்கு ஏழுல எதை வேணும்னாலும் சாத்தலாம். அடுத்த கல்லுக்கு மிச்சம் ஆறு. அதுக்கடுத்து அஞ்சு. அப்புறம் நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு. எல்லாத்தையும் பெருக்கணுமுங்க." கால்குலேட்டரைத் தட்டி என் பக்கம் திருப்பினார். "ஐயாயிரத்தி நாப்பது. தெனம் ஒண்ணுன்னா பதிமூணே முக்கா வருசம். உங்க பேத்தி சடங்காகி நிப்பா. நீங்க இன்னும் துணி மாத்திட்டு இருப்பீங்க."

அவர் கொடுத்த முக்காலியில் உட்கார்ந்தேன்.

ராவுத்தர் இரண்டு சிவப்புத் துண்டையும் ஒரு மஞ்சளையும் மேசையில் விரித்தார். "கண்ண மூடுங்க" என்றார். மூடினேன். "தொறங்க. என்ன மாத்தினேன்?"

"ஒண்ணும் மாத்தலையே."

"ரெண்டு செவப்பையும் எடம் மாத்தினேன். உங்க சம்சாரம் சாட்சி."

"மாத்தினாருங்க" என்றாள் சரசு.

"உங்களால கண்டுபுடிக்க முடியலைன்னா அது ஒரே வரிசைதான். நெறம் ஒண்ணாயிருந்தா நாளு கொறையும். அவ்வளவுதான் கணக்கு."

எனக்குச் சட்டென்று வெளிச்சம் அடித்தது. "அப்ப ஏழையும் செவப்பாவே வெட்டுங்க!"

"ஏழும் செவப்புன்னா ஒரே வரிசை. இன்னிக்கே முடிஞ்சுது. போயிப் புள்ளையத் தூக்கிக்கங்க."

சரசு முந்தானையை இழுத்துச் செருகினாள். அவள் அப்படிச் செருகினால் எங்கள் வீட்டு மாடு கூட ஒதுங்கி நிற்கும்.

"உசுரு ரெண்டக் குடுத்தவங்களுக்கு ஒரு நாளுங்களா? மாமனார் பண்ணின வேலைய மகனும் பண்ணோணுமா?"

அதற்கப்புறம் நடந்தது நான் வாழ்க்கையில் பார்த்த பெரிய பேரம். நான் இறக்குகிறேன், அவள் ஏற்றுகிறாள், நடுவில் ராவுத்தர் கால்குலேட்டரோடு.

"ஆறு செவப்பு, ஒரு மஞ்ச?" என்றேன்.

"ஏழு நாளு."

"கேக்கவே வெக்கமா இருக்குதுங்க" என்றாள் சரசு.

"அஞ்சு, ரெண்டு?"

"இருபத்தொண்ணு."

"வேண்டாமுங்க."

"நாலு, மூணு?"

"முப்பத்தஞ்சு. ஒரு பச்சை சேத்து நாலு, ரெண்டு, ஒண்ணுன்னா நூத்தியஞ்சு."

"ஒத்தப் பச்சை எதுக்குங்க? கட்டினவ ஒருத்தி, பாத்துட்டு நிக்கறவ ஆறு பேரு" என்றாள் சரசு. "மூணு செவப்பு, ரெண்டு மஞ்ச, ரெண்டு பச்சை. அதுக்கு எவ்வளவு?"

ராவுத்தர் தட்டினார். "மூணு செவப்பு தங்களுக்குள்ள ஆறு விதமா எடம் மாறும். மஞ்ச ரெண்டு விதம், பச்சை ரெண்டு விதம். ஆறு ரெண்டு பன்னண்டு, பன்னண்டு ரெண்டு இருபத்திநாலு. ஐயாயிரத்தி நாப்பதுல இருபத்திநாலு இருபத்திநாலு நாளு ஒவ்வொரு நாளா மடிஞ்சுருது. இருநூத்திப் பத்து."

"ஏழு மாசம்" என்றேன் நான், செத்த குரலில்.

"வயித்துல வச்சுத் தாங்கினவ பத்து மாசம் தாங்கினாளுங்க" என்றாள் சரசு. பேரம் முடிந்தது.

தொடாமல் வளர்த்த கதை

எல்லா வரிசையையும் விட்டுப்போகாமல் சாத்துவது எப்படி என்பதையும் ராவுத்தரே சொல்லிக்கொடுத்தார். மூன்று சிவப்பை மூன்று கல்லில் உட்காரவைத்துவிட வேண்டும். மிச்சம் நாலு கல்லில் இரண்டு மஞ்சளும் இரண்டு பச்சையும் ஆறு விதமாக உட்காரும். ஆறு நாள் ஒரு சுற்று. சுற்று முடிந்ததும் சிவப்பை வேறு மூன்று கல்லுக்கு மாற்ற வேண்டும். சிவப்புக்கு மொத்தம் முப்பத்தைந்து இருக்கை. முப்பத்தைந்து சுற்று, இருநூற்றுப் பத்து நாள்.

காலையில் கறவை முடிந்து பால் வண்டி போனதும் குளித்துவிட்டுத் தோப்புக்குப் போவேன். துணி மாற்றி, கற்பூரம் காட்டி, தொழுவத்துச் சுவரில் அன்றைய வரிசையைக் கரியால் எழுதுவேன். சி சி ம ப சி ம ப என்று சுவர் நிறைந்தது. கால்நடை டாக்டர் ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு, மாட்டுக்கு ஏதாவது மருந்தா என்று கேட்டார்.

வீட்டில் பிள்ளை வளர்ந்தது. வர்ஷினி என்று பேர் வைத்தார்கள். நான் தொட்டில் கயிற்றை இழுத்து ஆட்டினேன். சரசு கயிற்றைப் பிடுங்கினாள்.

"கயிறு தொட்டா புள்ளையத் தொட்டாப்லதானுங்க."

"கயிறு வேற, புள்ள வேறடி."

"கரண்டு கம்பிய அப்புடித் தொட்டுப் பாருங்களேன்."

ஒரு நாள் அவளும் செல்வியும் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளையின் கன்னத்தில் கொசு உட்கார்ந்தது. அடிக்க முடியாது, தொட்டதாகிவிடும். மண்டி போட்டு, பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் ஊதினேன். கொசு பறந்தது. பிள்ளை சிரித்தது. பால் வாசமும் வசம்பு வாசமும் சேர்ந்து மூக்கில் ஏறியது. எழுந்திருக்க மனசு வராமல், வராத கொசுவுக்கெல்லாம் ஊதிக்கொண்டிருந்தேன்.

மலை ரோடு பிள்ளைக்கு ஆகாது, எடை கூடட்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் செல்வி எங்களோடு இருந்தாள். மாப்பிள்ளை போனில் நாள் குறித்தார். "மாமா, மழ புடிச்சிட்டுன்னா மலையில மண்ணு சரிஞ்சிரும். அதுக்கு முந்தி வந்து கூட்டிட்டுப் போயிருதேன். ஒங்க கணக்கு எப்பம் முடியுது?"

எண்ணிச் சொன்னேன். சித்திரையில் முடியும். "சரி, அதுக்கு மறுநா வாரேன். நீங்களும் தூக்கிக்கிட்ட மாதிரி இருக்கும்லா" என்றார். தங்கமான பிள்ளை.

அந்த நாள் தவறினால் அவ்வளவுதான். எட்டு மாட்டை விட்டுவிட்டு நான் பீர்மேட்டுக்கு பஸ் ஏறுவது நடக்காத காரியம்.

காற்று செய்த வேலை

இருபத்தேழாவது சுற்றின் மூன்றாம் நாள். சுவர்க் கணக்கில் நூற்றைம்பத்தொன்பது.

மாசிக் காற்று எங்கள் ஊரில் எப்படி அடிக்கும் என்பது பாலக்காட்டுக் கணவாயில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். தென்னை மட்டையெல்லாம் ஒரே பக்கம் தலை வாரிக்கொண்டு நிற்கும். கற்பூரத்தை ஏற்றிக் கையால் மறைத்தேன். ஒரு வீச்சு. எரிகிற வில்லை தட்டிலிருந்து பறந்து நாலாவது கல்லில் விழுந்தது. தட்டிவிட்டேன். அதற்குள் சிவப்புத் துணியில் மொச்சைக்கொட்டை அளவு ஓட்டை, ஓரமெல்லாம் கருகி.

அம்மாளுக்குச் சூடு பட்டதே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து சொன்னேன். சரசு சாமான் அறைக்குப் போய் மூன்று மிளகாய் வற்றல் எடுத்து வந்தாள். ஒன்றின் காம்பைக் கிள்ளிப் போட்டாள். தரையில் வரிசையாக வைத்தாள்.

"இப்ப மூணும் ஒண்ணுங்களா?"

"இல்ல."

"காம்பில்லாதது மொதல்ல இருந்தா ஒரு வரிசை. நடுவுல இருந்தா இன்னொண்ணு. கடைசியில இருந்தா இன்னொண்ணு. ஒவ்வொரு நாளும் மூணு நாளாயிருச்சுங்க. இருநூத்திப் பத்து மூணு என்னாச்சு?"

செல்விதான் சொன்னாள். "அறுநூத்தி முப்பதும்மா."

"ஆனது நூத்தியம்பத்தொம்போது. போனாப் போகுது, கழிச்சுக்கலாம். இன்னும் நானூத்தி எழுபத்தொண்ணு."

"ஏம்மா, ஒரு ஓட்டைக்கா?"

"உங்கப்பாரு வாக்குக் குடுத்தது கண்ணு தெரிஞ்சவங்களுக்கு. ஓட்டைய ஊரே பாக்குது, கன்னிமாரு பாக்கமாட்டாங்களா?"

ராவுத்தரிடம் ஓடினேன். புதுத் துண்டு ஒன்று வெட்டச் சொன்னேன். தலையை ஆட்டினார். "உங்க செவப்பு அஞ்சு மாசமா வெயில்ல வெளுத்திருக்கும். இது பளிச்சுனு நிக்கும். அதுவும் தனியாத்தான் தெரியுமுங்க." மூன்றையும் மாற்றிவிடலாமா என்று வீட்டில் கேட்டேன். "சாத்தின துணிய நட்ட நடுவுல உருவறதா? அந்தப் பாவம் வேற வேணுமா?" என்றாள் சரசு.

மாப்பிள்ளையிடம் சொன்னபோது ஜீப் சத்தத்தை மீறிக் கத்தினார். "அறுநூத்தி முப்பதா? அதுக்குள்ள அவ நடந்தே வந்திருவாளே மாமா. மழைக்கு முந்தி நான் கூட்டிட்டுப் போயித்தான் ஆகணும், கோவிச்சுக்கிடாதீக."

ஆக, நான் தொடாமலே பிள்ளை மலையேறப் போகிறது.

கறுப்பி இரண்டு

இந்த இடத்தில் என் மாடுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வழி தப்பவில்லை, பயப்படாதீர்கள்.

என்னிடம் இரண்டு கறுப்பு மாடு இருந்தன. முன்னால் நின்று பார்த்தால் பிரம்மாவுக்கே குழப்பம். எனக்கு மட்டும் காம்பைத் தொட்டால் தெரியும். ஒன்றுக்கு இன்சூரன்சுக்காக மஞ்சள் கம்மல் அடித்தார்கள். அன்றிலிருந்து ஊரே அடையாளம் சொன்னது, கம்மல் போட்டது, போடாதது என்று. ஆறு மாதம் கழித்து இன்னொன்றுக்கும் அதே மஞ்சள் கம்மல் அடித்தார்கள். மறுபடியும் ஊரே குழம்பியது.

கறுப்பியைக் கறந்துகொண்டிருக்கும்போதுதான் எனக்கு இது உறைத்தது. கம்மல் ஒன்றுக்கு இருந்தால் அடையாளம். எல்லாவற்றுக்கும் இருந்தால் அடையாளம் எங்கே?

பால் பாத்திரத்துக்கு வெளியே ஒரு பீச்சு போய்விட்டது.

உச்சி வெயிலில்

இப்போது அந்த மத்தியானத்துக்கு வந்துவிட்டோம்.

சரசு சாப்பிட்டுப் படுத்திருந்தாள். மல்லிகை ஊதுபத்தி ஒன்றை மடியில் செருகிக்கொண்டு தோப்புக்குப் போனேன். முன்னால் நின்று மனசார மன்னிப்புக் கேட்டேன். "அம்மாளே, அவமரியாதை இல்ல. கணக்குக்குத்தான்."

இரண்டாவது சிவப்பைக் கல்லிலிருந்து கொஞ்சம் தூக்கிப் பிடித்து, ஊதுபத்தியை வைத்துச் சுற்றினேன். புகை வந்தது. மல்லிகை வாசமும் துணி கருகும் வாசமும் கலந்து அடித்தது. மொச்சைக்கொட்டை அளவுக்கு வந்ததும் தேய்த்து அணைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், முதல் ஓட்டையைப் போலவே இருந்தது.

மூன்றாவது சிவப்புக்கு நகர்ந்தேன். துணியைத் தூக்கினேன்.

முதுகுக்குப் பின்னால் தொப்பென்று ஒரு சத்தம்.

தேங்காய்தான் விழுந்தது. தோப்பில் தேங்காய் விழாமல் வேறென்ன விழும்? ஆனால் அந்த நேரத்தில் ஏழு பேரில் ஒருத்தி எழுந்து என் பின்னால் குதித்ததாகவே நினைத்தேன். ஊதுபத்தியைப் போட்டேன், ஓட்டமெடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

அன்றைக்கு மீண்டும் போகக் கால் வரவில்லை. இரண்டு ஓட்டை, ஒரு முழுசு. மிளகாய்க் கணக்கில் இதுவும் அதே அறுநூற்று முப்பதுதான். சாமி குற்றமும் செய்து, ஒரு நாளும் குறையவில்லை. இதற்குத்தான் ஏழாவதோடு நின்றிருக்கக் கூடாது.

மறுநாள் காலை கறவை முடித்துத் தோப்புக்குக் கிளம்பினேன். வாசலில் என் இரண்டு செருப்பும் ஜோடியாக, கழுவி வைக்கப்பட்டிருந்தன.

"தோப்புல உட்டுட்டு வந்துட்டீங்க" என்றாள் சரசு, முகத்தைத் திருப்பாமல் தோசை சுட்டுக்கொண்டே. வலது கை ஆள்காட்டி விரல் நுனியில் தேங்காயெண்ணெய் தடவியிருந்தது. அடியில் சின்னக் கொப்புளம்.

கன்னிமாரிடம் போனேன். மூன்று சிவப்பிலும் மூன்று ஓட்டை. மூன்றாவது நல்ல வட்டம். நெல் அளக்கும் படி மாதிரி, பிசகே இல்லை.

திரும்பி வந்து அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் செல்விக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

"மூணும் ஒண்ணாயிருச்சுங்களாம்! கன்னிமாரு மனசு எறங்கிட்டாங்க. பழைய கணக்கே கணக்கு."

கடையில் நாளை ஏற்றியவள் அவள், மிளகாயைக் கிள்ளியவளும் அவள். இரண்டு தோசை அதிகமாகத் தின்றேன்.

இருநூற்றுப் பத்து

முதல் நாள் இடது கோடியில் தொடங்கிய மூன்று சிவப்பும் கடைசி நாள் வலது கோடிக்கு வந்து சேர்ந்தன. கற்பூரத்தைக் கையால் இறுக்கி மறைத்துக்கொண்டு காட்டினேன். சுவரில் கடைசி வரிசையை எழுதிக் கோடு போட்டேன்.

வீட்டு வாசலில் செல்வி பிள்ளையோடு நின்றாள். குளிப்பாட்டி, மை வைத்து, புதுச்சட்டை போட்டிருந்தாள். "இந்தாங்கப்பா" என்று நீட்டினாள்.

கையை வேட்டியில் துடைத்தேன். வாங்கினேன்.

வாழ்நாளெல்லாம் கேன் தூக்கியவன், எதைத் தூக்கினாலும் கையே லிட்டர் சொல்லிவிடும். ஏழரை லிட்டர். ஆனால் எந்தக் கேனும் என் மீசையைப் பிடித்து இழுத்ததில்லை. கொசு ஊதிய முகம் இதுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. அவளும் ஃபூ என்று என் முகத்தில் எச்சில் தெறிக்க ஊதினாள். பிறகு வேட்டியை நனைத்தாள். நான் மாற்றவில்லை. மறுநாள் ஜீப் வரும் வரைக்கும் அதே வேட்டியோடுதான் இருந்தேன். சரசு கிட்ட வரவில்லை, மூக்கைப் பொத்திக்கொண்டு தூரத்தில் நின்று அழுதாள்.

ஏன் இப்போது

நாங்கள் சும்மா இருந்தோம். ஊர் சும்மா இருக்கவில்லை.

கன்னிமாரே மூன்று துணியிலும் நெருப்பு வைத்து நாளைக் குறைத்தார்களாம். செல்வி நம்பிச் சொன்னாள், கேட்டவர்கள் ஏற்றிச் சொன்னார்கள். தோப்புக்கு வெள்ளிக்கிழமை ஆள் வர ஆரம்பித்தது. சிவப்புத் துணியில் ஓட்டை போட்டுச் சாத்தினால் வேண்டுதல் சீக்கிரம் பலிக்கும் என்றார்கள். ராவுத்தர் என்னைக் கடையில் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க பால்காரரே, நல்ல துணிய வாங்கி என் கண்ணு முன்னால பீடி நெருப்புல சுடறாங்க. ஒருத்தரு ஓட்டை போட்டே குடுங்கன்னு கேக்கறாரு. நான் துணிக்கடை வச்சிருக்கனா, எலி வளக்கறனா?"

சிரித்து மழுப்பினேன். ஆறு வருசம் அப்படியே மழுப்பினேன்.

போன ஆடியில் ஆனைகட்டியிலிருந்து ஒரு அம்மா பஸ் மாறி மாறி வந்திருந்தார்கள். பையிலிருந்து மூன்று சிவப்புத் துண்டை எடுத்தார்கள். மூன்றிலும் ஓட்டை. மகள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாளாம்.

"ஏனுங்க, மூணும் ஒரே அளவா சுட்டிருக்கேன். இது ஒண்ணு துளி பெருசாப் போச்சு. பலிக்காம போயிருமுங்களா?"

அந்த மழைச் சாயங்காலத்தில் நான் நின்ற அதே இடத்தில் அவர்கள் நின்றார்கள். "ஓட்டை வேண்டாம் தாயி, கும்புடு போதும்" என்றேன். அவர்கள் நம்பவில்லை. பெரிய ஓட்டையையே தடவிக்கொண்டு நின்றார்கள்.

பஸ் ஏற்றிவிட்டு வந்து அன்றைக்கே பேனாவை எடுத்தேன். மாடு கத்தியது. கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் பிள்ளை பிழைத்தது ஆவணியில். ஓட்டை விழுந்தது மாசியில். ஓட்டை யாரையும் காப்பாற்றவில்லை.

எனக்குக் கன்னிமார் மேல் பக்தி குறைந்துவிட்டதாக நினைக்காதீர்கள், கூடித்தான் இருக்கிறது. மூன்று சிவப்பும் ஒன்று என்பது நம் கண்ணுக்குத்தான். ஒவ்வொரு நூலையும் தனித்தனியாகத் தெரிந்தவளுக்கு எது ஒன்று? அவள் கணக்கில் ஐயாயிரத்து நாற்பதும் வேறு வேறுதான். அதில் இருநூற்றுப் பத்தை வாங்கிக்கொண்டு, மிச்சம் நாலாயிரத்து எண்ணூற்று முப்பது நாளைப் போகட்டும் என்று விட்டவள். புருசனும் பெண்டாட்டியும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஊதுபத்தியோடு வந்ததைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். அவளுக்கு ஓட்டை போட்ட துணி கொடுக்காதீர்கள். நல்ல துணியாகக் கொடுங்கள்.

எழுதியதைச் சரசுவுக்குப் படித்துக் காட்டினேன். ஆறு வருசத்தில் முதல் தடவையாக அந்த ஓட்டையைப் பற்றி வாய் திறந்தாள்.

"எம்படதுதான் நல்ல வட்டமுன்னு எழுதியிருக்கீங்கல்ல?"

"எழுதியிருக்கேன்."

"அப்பச் செரி. போடுங்க."

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனைகட்டிப் பக்கம் சொந்தம் இருந்தால் அங்கேயும் சொல்லியனுப்புங்கள். ஆனால் நான் சொன்னபடியே சொல்லுங்கள். ஒன்றும் கூட்ட வேண்டாம், ஒன்றும் குறைக்க வேண்டாம். ஓட்டை மூன்று. ஒன்று காற்று போட்டது, ஒன்று நான் போட்டது, ஒன்று அவள் போட்டது. கன்னிமார் போட்டது ஒன்றுகூட இல்லை.